மூச்சைப் பிடிக்கச் சொன்னவர்

ஈசா ஆற்றுப் பள்ளத்தாக்கில் கல்யாணம் என்றால் முதலில் பாதிரியாருக்குச் சொல்லியனுப்புவார்கள், அடுத்து பிடில்காரர்களுக்கு, மூன்றாவதாகத்தான் படம் பிடிக்கிற கவ்ரிலாவுக்கு. சாவு என்றால் பிடில்காரர்கள் கழன்றுகொள்வார்கள், கவ்ரிலா இரண்டாம் இடத்துக்கு ஏறிவிடுவார். "கல்யாண வீட்டை விட எழவு வீட்டுலதான் உங்களுக்கு மவுசு" என்று அவர் மனைவி மார்த்தா சொல்லிக் காட்டுவாள். அவர் பூட்ஸுக்குள் வைக்கோலைத் திணித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

வாரநாட்களில் அவருக்கு நகரத்துக் கூட்டுறவு ஸ்டூடியோவில் வேலை. அடையாள அட்டைக்கு முகம், வேலைக்கு மனுப்போட முகம், பட்டாளத்துக்குப் போகிற பையன்களின் முகம். அங்கே விளக்கு உண்டு, திரை உண்டு, உட்கார நாற்காலி உண்டு. அந்த வேலையை எந்த மடையனும் செய்யலாம் என்பார். அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அதுவல்ல. வெளிச்சமில்லாத இடத்தில் படம் எடுப்பதுதான்.

அந்தப் பக்கத்து மரக் கோயில்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உள்ளங்கை அகல ஜன்னல்கள். பல தலைமுறை மெழுகுவர்த்திப் புகை ஏறிக் கறுத்த சுவர். வீடுகளும் அப்படியே. தலையில் இடிக்கிற கூரை, ஒரே ஒரு ஜன்னல், சுவரெல்லாம் கம்பளி விரிப்பு. அதற்குமேல் வரிசையாகக் கண்ணாடியில் வரைந்த சாமிப் படங்கள். கொஞ்சம் வெளிச்சம் காட்டினால் போதும், அத்தனை சாமியும் சேர்ந்து கண்ணைக் கூசவைக்கும். போதாக்குறைக்கு அது அரசாங்கம் கரண்டைச் சேமிக்கிற காலம். எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. கவ்ரிலாவின் ஃபிளாஷ் விளக்கு கரண்டில் சார்ஜ் ஏறுகிற ரகம். பனிக்காலத்தில் பாதி நாள் அதை வெறும் பாரமாகத்தான் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு போனார்.

அதனால் அவர் வேறொரு வழி வைத்திருந்தார். கேமராவை முக்காலியில் ஏற்றி, திருகி இறுக்கி, ஷட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு எண்ணுவார். எண்ணி முடிகிற வரை யாரும் அசையக் கூடாது. "மூச்சைப் பிடி!" என்று ஒரு கத்தல். மாப்பிள்ளை, பெண், சம்பந்திகள், பலகைமேல் ஏறி நிற்கிற வாண்டுகள் வரை அப்படியே உறைந்து நிற்பார்கள். அவர் மெதுவாக, வாய்விட்டு எண்ணுவார். "விடு!" என்றதும் மொத்தக் கூட்டமும் உஸ்ஸென்று மூச்சு விடும், உடனே சிரிப்பு வெடிக்கும். பள்ளத்தாக்கு முழுக்க இது பழகிப்போயிருந்தது. குழந்தைகள் தெருவில் கவ்ரிலா விளையாட்டு என்று ஒன்றை விளையாடுவார்கள். ஒரு கல்யாணத்தில் பெண்ணின் தாய்மாமன் சாராய மயக்கத்தில் பாதி எண்ணிக்கையில் தலையைத் திருப்பிவிட்டார். படத்தில் அவருக்கு இரண்டு தலை விழுந்தது. சாகும்வரை அவருக்கு ரெட்டைத்தலை என்றுதான் பெயர்.

இன்னொரு விதியும் உண்டு. வெளியே பல் கிட்டிக்கிற குளிர், உள்ளே அடுப்பும் ஈரக் கம்பளியும் அத்தனை பேர் மூச்சும். குளிரிலிருந்து வந்த கேமராவை நேரே உள்ளே கொண்டுபோனால் லென்ஸில் ஆவி படிந்துவிடும். துடைக்கத் துடைக்கப் படியும். ஆகையால் முதலில் வாசல் நடையில் கொஞ்ச நேரம் வைக்க வேண்டும், அது சூடேறி வருகிற வரைக்கும். "அதுவும் விருந்தாளிதான், குளிர் விட்டுட்டு வரட்டும்" என்பார். சில வீடுகளில் கேமராவுக்கென்றே ஒரு முக்காலிப் பலகை போட்டு வைப்பார்கள்.

சாவு வீட்டில் மட்டும் அவர் மூச்சைப் பிடிக்கச் சொல்வதில்லை. எப்படிச் சொல்வது? அழுகிறவளிடம் அசையாதே என்று சொல்ல நாக்கு வருமா? ஷட்டரைத் திறந்துவிட்டு மனசுக்குள் எண்ணிக்கொள்வார், அவ்வளவுதான். அதனால் அங்கத்து சாவுப் படங்களெல்லாம் ஒரே மாதிரி இருக்கும். செத்தவர் முகம் மட்டும் துல்லியமாக, மூக்கில் இருக்கிற மருகூட எண்ணிப் பார்க்கிற மாதிரி விழுந்திருக்கும். சுற்றி நிற்கிறவர்கள் அழுது ஆடிக் கலைந்து, வெறும் புகையாக இருப்பார்கள். இளமையில் சாராயக்கடையில் உட்கார்ந்து, "செத்தவங்க மாதிரி நல்ல வாடிக்கையே கிடையாது, அசையவே மாட்டாங்க" என்று அவர் பேசியதுண்டு. பின்னாளில் அதை யாராவது ஞாபகப்படுத்தினால் எழுந்து போய்விடுவார்.

வேடிக்கை என்னவென்றால், ஜனங்கள் அந்தப் புகையையே மரியாதையாக எடுத்துக்கொண்டார்கள். "இதோ, இந்தக் கலங்கலா இருக்கறது நான்தான். எங்கம்மாவுக்கு எப்படி அழுதிருக்கேன் பாரு" என்று பெண்கள் படத்தைத் தொட்டுக் காட்டுவார்கள். முகம் தெரியவில்லை என்று ஒருத்தியும் குறைப்பட்டதில்லை. மேலக்கரையில் ஒரு மருமகள், மாமியார் சாவுப் படத்தில் பளிச்சென்று விழுந்துவிட்டாள். அவள் பட்டபாடு கொஞ்சநஞ்சமல்ல. "போஸ் குடுத்து நிக்கறா பாரு, போனவ சொத்துக்கு" என்று சந்தையில் நிற்கவைத்துப் பேசினார்கள். கடைசியில் அவள் புருஷனே படத்தில் அவள் இருந்த பக்கத்தைக் கத்தரித்து எறிந்தான். இந்த ஊர் நியாயத்தை என்னவென்று சொல்ல!

பலாகா என்ற பெண் செத்தது அப்படியொரு கொடும்பனிக்காலத்தில். பத்தொன்பது வயசு. வயிற்று வலி என்று படுத்தாள். அம்மா தொடோசியா முதலில் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். வலி ஏறவும் அக்கம்பக்கத்தார் குதிரைச் சறுக்கு வண்டியில் கம்பளி போட்டு அவளை ஏற்றி நகரத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார்கள். கணவாயில் பனி சரிந்து பாதை அடைத்துக்கொண்டது. மண்வெட்டியோடு இறங்கினவர்கள் பாதையைத் திறந்தார்கள். திறந்தபோது வண்டியில் போவதற்கு ஆள் இல்லை.

அவள் அப்பா சிமியோன் அப்போது தெற்கே, மலைக்காட்டில் மரம் வெட்டிக்கொண்டிருந்தார். இலையுதிரும் காலத்தில் போனால் ஈஸ்டருக்குத்தான் திரும்பி வருவார். காட்டு அலுவலகத்துக்கு ஃபோன் போட்டுச் சொன்னார்கள். கிளம்பிவிட்டார் என்று செய்தி வந்தது. ரயில் பாதியில் பனியில் நின்றுவிட்டது என்று அடுத்த செய்தி வந்தது. மூன்றாம் நாள் சவத்தை எடுத்தாக வேண்டும், அது அங்கே மாறாத வழக்கம்.

கல்யாணம் ஆகாமல் செத்த பெண்ணை அந்தப் பள்ளத்தாக்கில் வெறுமனே புதைக்க மாட்டார்கள். கல்யாணத்தைச் செய்துதான் அனுப்புவார்கள். பலாகாவுக்கு வெள்ளை உடை உடுத்தி, மணிகளும் கண்ணாடித் துண்டுகளும் தைத்த கல்யாணக் கிரீடத்தைத் தலையில் வைத்தார்கள். மாப்பிள்ளையாக நிற்க நிக்கோவாரா என்ற பையன் வந்தான். ஊர்த் திருவிழா ஆட்டத்தில் அவளோடு ஆடினவன். தொப்பியில் பூ செருகிக்கொண்டு சவப்பெட்டிப் பக்கத்தில் நின்றான், வாயை இறுக்கிக்கொண்டு.

கவ்ரிலாவுக்குச் செய்தி முதல் நாளே போய்விட்டது. பனியில் வண்டி அவரைக் கொண்டுவந்து சேர்த்தபோது மூன்றாம் நாள் மத்தியானம் சாய்ந்துவிட்டது. தொடோசியா வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தாள். கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை.

"கவ்ரிலாண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவ முகமும் தெரியணும், என் முகமும் தெரியணும்."

"உன் முகமா?" என்றார் கவ்ரிலா. "தொடோசியா, ஊரு என்ன பேசும்னு தெரியுமில்ல? மேலக்கரைக்காரி கதை மறந்துபோச்சா?"

"ஊரு கிடக்கட்டும்ணே. அவரு போறப்ப என்ன சொல்லிட்டுப் போனாரு தெரியுமா? 'ஈஸ்டருக்கு வருவேன், எம்பொண்ண மணக்கோலத்துல காட்டு'ன்னாரு. காட்டறேன்னு சொன்னேன். சொன்ன வாய் இது. அவரு பாக்கறப்ப அவ தனியாக் கிடக்கற மாதிரி இருக்கக் கூடாது. தாயி பக்கத்துல நின்னு அனுப்பி வெச்சிருக்கான்னு தெரியணும். புகையா நின்னா யாருன்னு எப்படித் தெரியும்?"

"அழாம நிக்கணுமே, தாயீ."

"காலையிலேருந்து அதுக்குத்தான் அடக்கி வெச்சிருக்கேன். நீங்க எடுத்து முடிங்க. அப்புறம் நான் பாத்துக்கறேன்."

அடக்கி வைத்திருக்கிறேன் என்று அவள் சொன்னது கவ்ரிலாவை என்னவோ செய்தது. தலையை மட்டும் ஆட்டினார்.

உள்ளே எள் போட இடமில்லை. மெழுகுவர்த்தி வாடையும் சாம்பிராணியும் ஈரக் கம்பளி நாற்றமும் கலந்து மூச்சு முட்டியது. கரண்ட் இல்லை. இருந்த ஒரே ஜன்னல் வழியாக, வெளியே கிடந்த பனியின் வெள்ளை வெளிச்சம் சவப்பெட்டியின் கால்மாட்டில் விழுந்துகொண்டிருந்தது. முகத்துக்கு அது எட்டவில்லை. மற்ற வீடுகளில் இந்தமாதிரி சமயத்தில் ஒரு நிலைக்கண்ணாடியைச் சாய்த்து வெளிச்சத்தைத் திருப்பிவிடுவார். பழக்க தோஷத்தில் சுவர்ப் பக்கம் பார்த்தார். கண்ணாடிமேல் கறுப்புத் துணி போர்த்தியிருந்தது.

"அந்தக் கண்ணாடிய ஒரு நிமிஷம் மட்டும்..." என்று இழுத்தார்.

பக்கத்து வீட்டுப் பரஸ்கீவா பாய்ந்தாள். "வாய மூடுங்கண்ணே! பொணம் வெச்சிருக்கற வீட்டுல கண்ணாடியத் திறக்கச் சொன்ன மொத ஆளு நீங்கதான். அவ அதுக்குள்ள போய் உக்காந்துக்கிட்டா யாரு வெளிய கூப்பிடறது, நீங்களா?"

"சரி சரி, தெரியாமக் கேட்டுட்டேன். ஒரு வெள்ளை மேசைத் துணியாவது குடுங்க."

துணி வந்தது. பரஸ்கீவாவும் இன்னொருத்தியும் ஆளுக்கொரு முனை பிடித்து ஜன்னலுக்கு எதிரே விரித்து நின்றார்கள். பனி வெளிச்சம் துணியில் பட்டு மெல்லப் பலாகாவின் முகத்தில் ஏறியது. பிழைத்து எழுந்துவிட்ட மாதிரி அவள் கன்னம் துலங்கவும், யாரோ ஒரு கிழவர் சிலுவை போட்டுக்கொண்டார். நல்ல வெளிச்சம். ஆனால் நிற்காத வெளிச்சம். மலை முகட்டுக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. கல்லறைத் தோட்டம் மேட்டில் இருந்ததால், இருட்டுவதற்குள் ஏறிவிட வேண்டும் என்று பாதிரியார் நடையில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார்.

இந்த அவசரத்தில்தான் கவ்ரிலா அந்தத் தப்பைச் செய்தார். தன் ஆயுசு முழுக்க மற்றவர்களுக்கு ஓதிய விதியை அன்றைக்கு அவரே மறந்தார். வண்டியிலிருந்து இறக்கிய கேமராவை நடையில் வைக்கவில்லை. நேரே உள்ளே கொண்டுவந்து முக்காலியில் ஏற்றிவிட்டார்.

தொடோசியா மகளின் நெற்றியில் கையை வைத்து, நிமிர்ந்து, கேமராவைப் பார்த்தாள். சாவு வீட்டில் முதல்முறையாகக் கவ்ரிலா தாழ்ந்த குரலில் சொன்னார். "மூச்சைப் பிடி." வீடே உறைந்தது. எண்ணினார். "விடு" என்றார்.

அவ்வளவுதான். அவள் அதுவரை கட்டிவைத்திருந்தது உடைத்துக்கொண்டது. மகளின் மார்பில் விழுந்து ஒப்பாரியை எடுத்தாள். அந்த ஊர் ஒப்பாரி யாரும் கற்றுக்கொடுத்து வருவதில்லை. பெற்றவள் வாயில் அந்தக் கணத்தில் என்ன வருகிறதோ அதுதான் பாட்டு. ஒருமுறை வந்தது மறுமுறை வராது. எடுத்ததைப் பாதியில் நிறுத்தவும் கூடாது. நிறுத்தினால் போகிற உயிர் மிச்சத்தைக் கேட்க வாசற்படியிலேயே நின்றுவிடும் என்பார்கள். அதனால் பாதிரியார்கூட அந்த நேரத்தில் குறுக்கே வாய் திறப்பதில்லை. மற்ற பெண்களும் சேர்ந்து அழ, வீடே குலுங்கியது.

அப்போதுதான் கவ்ரிலா குனிந்து லென்ஸைப் பார்த்தார். புரை விழுந்த கண் மாதிரி வெள்ளையாக இருந்தது. எடுத்த படத்தில் ஒன்றும் இருக்காது. பலாகாவும் இருக்கமாட்டாள், அம்மாவும் இருக்கமாட்டாள், வெறும் பால் கொட்டின மாதிரி இருக்கும். சட்டை நுனியால் துடைத்தார். மறுபடி படிந்தது. கோட்டுக்குள், நெஞ்சோடு வைத்துச் சூடேற்றினார். துடைத்தார். மெல்லத் தெளிய ஆரம்பித்தது. ஜன்னலைப் பார்த்தார். எதிர்மலை உச்சியில் மட்டும் மஞ்சள் ஒட்டிக்கொண்டிருந்தது.

"போதும் கவ்ரிலா," என்றார் பாதிரியார் நடையிலிருந்து. "அவ அழுது முடிச்சதும் மூடிடணும். நேரமாச்சு."

அவள் அழுது முடிக்கும்போது வெளிச்சம் இருக்காது. வெளிச்சம் இருக்கும்போது அவள் முகம் புகையாகத்தான் விழும்.

விட்டிருக்கலாம். படம் கெட்டுப்போவது உலகத்தில் இல்லாத சங்கதியா? லென்ஸ் காலை வாரிவிட்டது என்று சிமியோனிடம் கையைப் பிசைந்திருக்கலாம். ஆனால் அந்த அம்மா காலையிலிருந்து அழுகையை அடக்கிக் காத்திருந்தது வீணாகிறதே என்று அவருக்கு நெஞ்சு பதைத்தது. கூடவே, வெறும் படத்தோடு கவ்ரிலா திரும்பினார் என்று இதுவரை ஒருத்தனும் சொன்னதில்லை என்பதும் உள்ளே எங்கேயோ ஓடியது. இதில் எது பெரிதாக இருந்தது என்று அவரால் எப்போதுமே சொல்ல முடியவில்லை. அவள் என்ன பாடுகிறாள் என்றுகூட அவர் காதில் விழவில்லை. வெளிச்சம் போகிறது, போகிறது என்பது மட்டும்தான் மண்டைக்குள் அடித்துக்கொண்டிருந்தது.

"தொடோசியா! நிமிரு! மூச்சைப் பிடி!"

நினைத்ததைவிட பலமாகக் கத்திவிட்டார்.

அவள் பாதிச் சொல்லில் நிறுத்தினாள். வாய் மூடிக்கொண்டது. எழுந்து, மகள் நெற்றியில் கையை வைத்து, கேமராவைப் பார்த்தாள். பெண்கள் "ஐயோ, பாதியில" என்று அலறி முன்னைவிட அதிகமாக ஆடினார்கள். நிக்கோவாரா தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு விம்மினான். துணி முனையை விடாமலே பரஸ்கீவா குலுங்கி அழுதாள். கவ்ரிலா எண்ணினார். வெளிச்சம் குறைந்துவிட்டதால் முன்னைவிட நீளமாக எண்ண வேண்டியிருந்தது. அவ்வளவு நேரமும் அவள் இமைகூடக் கொட்டவில்லை.

ஷட்டரை மூடினார். லென்ஸை மூடினார். முக்காலித் திருகைக் கழற்றினார். அதற்குள் பாதிரியார் உள்ளே வந்து தொடங்கிவிட்டார். மூடி வந்தது, ஆணி வந்தது. தொடோசியா அதே மாதிரி நின்றுகொண்டிருந்தாள். விடு என்று தான் சொல்லவேயில்லை என்பது கவ்ரிலாவுக்கு வீட்டுக்குத் திரும்புகிற வண்டியில்தான் உறைத்தது.

அவள் அழவேயில்லை. மேட்டுக்கு ஏறும்போதும் இல்லை, மண் போடும்போதும் இல்லை. ஒன்பதாம் நாள் அவித்த கோதுமையில் சர்க்கரை தூவி ஊருக்குக் கொடுத்தபோதும் வறண்ட கண்ணோடுதான் கொடுத்தாள். பரஸ்கீவா பலவிதமாக முயன்று பார்த்தாள். கட்டிப்பிடித்தாள், பலாகாவின் பழைய செருப்பை எடுத்து முன்னால் வைத்தாள், கடைசியில் திட்டவும் செய்தாள். "அழுடி, பாவி! ஒரு சொட்டு விடுடி!" தொடோசியா பசுவுக்குக் காய்ந்த புல் போடப் போய்விட்டாள்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? ஒருத்தி சொன்னாள், கவ்ரிலா மூச்சைப் பிடிக்கச் சொன்னார், விடச் சொல்லவில்லை, அதனால் அவள் விடவில்லை என்று. கேட்டவர்கள் முதலில் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

நகரத்தில், ஸ்டூடியோ இருட்டறையில், மருந்துத் தண்ணீருக்குள் அந்தப் படம் எழுந்து வந்தபோது கவ்ரிலாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவர் வாழ்நாளிலேயே அப்படியொரு படம் எடுத்ததில்லை. சுற்றிலும் புகை. புகைக்கு நடுவில் இரண்டே இரண்டு முகம். கிரீடத்தில் தைத்த மணி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. அம்மாவின் கண்ணில் ஜன்னல் விழுந்திருந்தது. ஒரு கணம் சந்தோஷப்பட்டார். அந்த ஒரு கணத்துக்காகப் பிறகு தன்னையே அசிங்கமாகத் திட்டிக்கொண்டார். படத்தை மார்த்தாவிடம்கூடக் காட்டவில்லை.

ரயில் பாதை திறந்ததும் சிமியோன் வந்து சேர்ந்தார். மறுநாளே கவ்ரிலா படத்தைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு போனார். சிமியோன் மேசையருகே உட்கார்ந்திருந்தார். தாடி மழிக்கவில்லை. முன்னால் மக்காச்சோளக் களி தொடாமல் ஆறிக் கிடந்தது. தொடோசியா அடுப்பருகே நின்று ஏதோ துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணே," என்றார் சிமியோன். "கொண்டாந்திருக்கீங்களா?"

கவ்ரிலா நீட்டினார். சிமியோன் ஜன்னலண்டை எடுத்துப்போய்ப் பார்த்தார். ரொம்ப நேரம் மகள் முகத்தையே பார்த்தார். கட்டை விரலால் கிரீடத்தைத் தடவினார். பிறகு விரல் மேலே நகர்ந்து நின்றது.

"இது நீயா?"

"நான்தான்," என்றாள் தொடோசியா.

"பரஸ்கீவா அழுதிருக்கா. அந்த நிக்கோவாரா பையன் அழுதிருக்கான், மூஞ்சியே காணோம். முன்னப்பின்ன தெரியாத சனமெல்லாம் அழுது கரைஞ்சு கிடக்கு." அவர் குரல் ஏறியது. "பெத்தவ நீ அசையாம நிக்கற! சந்தைக்கு வந்தவ மாதிரி நிக்கற! வழியெல்லாம் சொன்னாங்கடி, உம்பொண்டாட்டி ஒரு சொட்டு விடலைன்னு. சொன்னவனை அடிக்கப் போனேன் நான்!"

தொடோசியா துடைத்த தட்டையே மறுபடி துடைத்தாள்.

"சிமியோன், நான் சொல்றதக் கேளு," என்று கவ்ரிலா குறுக்கே போனார். "அவ அழுதா. நெஞ்சு வெடிக்க அழுதா. நான்தான் நிறுத்தச் சொன்னேன். மொதப் படம் என் தப்பால கெட்டுப்போச்சு. குளிர் கேமராவ உள்ள கொண்டுபோயிட்டேன். நீ பாக்கணும்னு அவ ஆசைப்பட்டா. வெளிச்சம் போயிக்கிட்டிருந்துச்சு. ஒப்பாரி நடுவுல கத்தி நிறுத்தினேன். உனக்காகத்தான் அவ நின்னா. நீ பாக்கறது அவ கல்மனசு இல்லப்பா. நான் பண்ணின வேலை."

சிமியோன் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். கோபம் எங்கே போய் இறங்குவதென்று தெரியாமல் நின்றது. கடைசியில் பெண்டாட்டி பக்கம் திரும்பினார். குரல் உடைந்திருந்தது.

"சரி. நான் வந்துட்டேன். பாத்துட்டேன். இப்ப அழு."

"வரல," என்றாள் அவள்.

"அழுடி."

"வரலங்க. முயற்சி பண்ணாமலா இருப்பேன்?"

சிமியோன் அவளருகே போய், கையிலிருந்த தட்டை வாங்கிக் கீழே வைத்தார். "அப்ப என்ன பாடினேன்னாவது சொல்லு. நான் ஒண்ணையும் கேக்கல. பொண்ணு போறப்ப என்ன சொல்லி அனுப்பினேன்னு எனக்குத் தெரியணும்."

அந்த ஊரில் ஆம்பிளைகள் ஒப்பாரி பாடுவதில்லை. பாடினால் கேலிதான். தொடோசியா தரையைப் பார்த்துக்கொண்டு, ராகமில்லாமல், கடையில் வாங்க வேண்டிய சாமானைச் சொல்கிற மாதிரி ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். சிமியோன் ஒவ்வொன்றையும் வாங்கித் தன் கட்டைக் குரலில் இழுத்துப் பாடினார்.

"எழுந்திரு என் பலாகா, வாசப்பனி வாரியாச்சு."

"எழுந்திரு என் பலாகா..." அவருக்குக் குரல் ஏறவில்லை. இருந்தும் விடவில்லை.

"மாப்பிள்ளை வந்தாச்சு, உன் மணிக்கிரீடம் வெச்சாச்சு."

பாடினார்.

"ஆடின காலெல்லாம் ஆறிக் கிடக்குதடி."

அவர் பாடியது பாட்டாகவே இல்லை. காயம்பட்ட எருது முனகுகிற மாதிரி இருந்தது. கண்ணீர் தாடிக்குள் இறங்கி மறைந்தது. கவ்ரிலா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றார். போகவும் முடியவில்லை, நிற்கவும் கூசியது.

"காடு தாண்டி உங்கப்பன் கதவைத் தட்டி நிக்கையில..."

சிமியோன் அதையும் பாடினார். தேம்பினார்.

"எங்க எம்மகள்னு கேட்டா, என்ன பதில் நான்..."

"என்ன பதில் நான்..." என்று இழுத்து, அடுத்ததுக்காகக் காத்தார். வரவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். "ம். அப்புறம்? என்ன பதில்?"

தொடோசியா தலையை ஆட்டினாள்.

"அப்புறம் இல்லங்க. அந்த இடத்துலதான் கவ்ரிலாண்ணன் மூச்சைப் புடிக்கச் சொன்னாரு."